நான் நிரப்பிவிட்ட ஒன்பதுகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். கடிதம் எழுதினால் எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் எண் எழுதச் சொல்லுங்கள். என் எட்டுக்கு இடுப்பு இருக்கும். ஒன்பதுக்கு வால் நேராக இறங்கும். தென்காசியில் எங்கள் தெருவில் அந்தக் காலத்திலேயே நாலு பட்டதாரிகள் இருந்தார்கள். ஒருத்தர் எண்ணும் என் எண் பக்கத்தில் நிற்காது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் ஒரு தடவை என் வீட்டுக்காரர் பிழைப்பில் மண்ணை அள்ளிப்போடப் பார்த்தேன். அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. புதுப் பைசா கைக்குப் பழகிவிட்டது, லிட்டர்தான் இன்னும் பழகவில்லை. எங்கள் வீட்டில் படியும் உழக்கும் ஆழாக்கும்தான் அளவை. என் வீட்டுக்காரர் என் சொந்த அத்தை மகன். சென்னையில் கணக்குப் படித்துவிட்டு, பம்பாயில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருந்தார். தற்காலிக வேலை. அது நிரந்தரமானால்தான் அங்கே குடியிருக்க வீடு கொடுப்பார்கள். வீடு கிடைத்தால்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போக முடியும். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் அவரோடு இருந்தது எண்ணி நூறு நாள் இருக்காது. மற்ற நாளெல்லாம் அத்தையும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனி மாசக் கடைசியில், சாரல் விழத் தொடங்கின பிறகு, கடிதம் எதுவும் போடாமல் வந்து இறங்கினார். கையில் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் இரண்டு சட்டை, மிச்சமெல்லாம் காகிதம். காகிதத்துக்கு நடுவே சுருள் சுருளாக நாடா. நாடா முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை.

அத்தை ஒரு சுருளைத் தூக்கிப் பார்த்தாள். "ஏலே, பூச்சி அரிச்ச நாடாவ எதுக்குல பம்பாயில இருந்து சுமந்துட்டு வாரே?"

"பூச்சி இல்லம்மா. இந்த ஓட்டைதான் எழுத்து. மெஷின் இதைத்தான் வாசிக்கும்."

"வாசிக்குமாம்," என்று அத்தை என்னைப் பார்த்துச் சொன்னாள். அப்போதே அவள் முகம் வெளிறிவிட்டது.

அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பகல் முழுக்கத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, "இருக்கு, இருக்கு, இல்ல, இல்ல, இருக்கு, இருக்கு, இல்ல, இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அத்தை என்னை அடுக்களைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி, எம்புள்ளைக்கு என்னமோ ஆயிட்டு. பக்கத்து வீட்டுக்காரி கேக்கா, மகன் யாருகூட பேசுதான்னு. நான் என்னன்னு சொல்ல? தெனமும் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி அருவியில தலையக் குடுக்க வைக்கணும்."

எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். புத்தி பேதலித்தவர்களை எங்கெங்கிருந்தோ கூட்டிவந்து அருவிக்கடியில் நிறுத்துவார்கள். தினமும் நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினால் ஊர் என்ன பேசும்? ஆனாலும் போனோம். அவரும் மறுக்காமல் வந்தார். காகிதங்களை ஒரு மெழுகுத்துணிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார், அதுதான் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"என்கிட்டயாவது சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"சொன்னா புரியுமா உனக்கு?"

"புரியலன்னா புரியலன்னு சொல்லுதேன். சொல்லாமலே எப்படி?"

அவர் சிரித்தார். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. பிறகு சொன்னார். அந்த மெஷின் ஓர் அறை பெரிசு. மனுஷர் எழுதுகிற கணக்கு அதற்குப் புரியாது. அது பேசுகிற பாஷைக்கு மாற்றிக் கொடுக்க நடுவில் ஒன்று வேண்டும். அதற்குக் கம்பைலர் என்று பேர். நாலைந்து பேர் சேர்ந்து அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எண்களை மாற்றிக் கொடுக்கிற பகுதி இவருடையது. எல்லாம் முடிந்தது என்று ஒரு சோதனை வைத்தார்கள். பத்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போ, சரியாக ஒன்று வந்ததும் நில். பத்துத் தடவையில் நிற்கவேண்டும். நிற்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. மேலே இருக்கிற பெரியவர் இவரைக் கூப்பிட்டு, "உன் பகுதியில்தான் பிழை. இந்த மாசத்துக்குள் சரிசெய், இல்லையென்றால் உன்னை நிரந்தரம் பண்ண நான் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். இவருக்கு அங்கே தூக்கம் போய் மயக்கம் வந்து, டாக்டர் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"பிழை உங்க பேர்லதானா?" என்று கேட்டேன்.

"இல்ல. உன் அளவை எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

படி, அதில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு எல்லாம் கொண்டுவந்து வைத்தேன்.

"ஒரு படி அரிசிய பத்துப் பேருக்குச் சமமா அளந்து குடு பாப்போம்."

யோசித்தேன். "ஆழாக்கு, படியில எட்டுல ஒண்ணு. அது கூடிப்போவும். அரை ஆழாக்கு போட்டா குறையும். அதுல பாதியும் சேத்துப் போட்டா... இன்னும் கொஞ்சம் குறையும்."

"அதுல பாதி?"

"கூடிரும்."

"அதுலயும் பாதி?"

"அதுவும் கூடும். அதுக்கடுத்த பாதியப் போடலாம். அதுக்கடுத்ததும் போடலாம். அப்பவும் ரெண்டு மணி குறையும்."

"அம்புட்டுத்தான்! ரெண்டு போடணும், ரெண்டு விடணும், ரெண்டு போடணும், ரெண்டு விடணும். முடியவே முடியாது. மெஷின்கிட்ட பாதியும் பாதியில பாதியும் தவிர வேற அளவையே கிடையாது. அதுக்கும் இத்தனை இடம்தான்னு கணக்கு. இடம் முடிஞ்சதும் மிச்சத்தை வெட்டிப்போடும். அப்போ பத்து தடவை போட்டாலும் படி நிறையாது. ஒண்ணு வந்துச்சான்னு கேட்டா, வரலன்னுதான் சொல்லும். அது பொய் சொல்லல."

அவர் முணுமுணுத்த இருக்கும் இல்லையும் அதுதான். எனக்கு உயிர் வந்தது. மனுஷர் தெளிவாகத்தான் இருந்தார். ஆனால் தெளிவாக இருந்து என்ன? அதைப் பெரியவர் நம்பவேண்டும். நம்பினாலும் மெஷினை நிறுத்த ஒரு வழி சொல்லவேண்டும். வழி அவருக்குப் பிடிபடவில்லை. மாசத்தில் பாதி போய்விட்டிருந்தது.

அந்த வாரம் அச்சன்புதூர் வயலிலிருந்து நெல் வந்தது. அவிக்க எடுத்துவைக்க நான் அளந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தனியே போடுவது என் வழக்கம். அவர் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொட்டை எதுக்கு?"

"எத்தனை படின்னு தெரியாண்டாமா?"

"குவியலப் பாத்தா தெரியாதா?"

"குவியலப் பாத்து எப்படிச் சொல்ல? ஒவ்வொரு படியிலயும் நாலு மணி கூடும், நாலு மணி குறையும். கொட்டை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது."

அவர் எழுந்து உள்ளே போய்த் தாளை எடுத்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. கூட்டிக் கூட்டி ஒன்று வந்ததா என்று கேட்கக்கூடாது. எத்தனை தடவை என்று முழு எண்ணில் எண்ணவேண்டும். முழு எண் மெஷினுக்குள் குறைவதில்லை. பத்துத் தடவை ஆனதும் நிறுத்திவிடலாம். சமமா என்று கேட்டே தீரவேண்டிய இடத்தில், இம்மி வித்தியாசம் இருந்தால் சமம் என்றே வைத்துக்கொள் என்று கம்பைலரே மாற்றிக் கொடுக்கவேண்டும். இதைத்தான் அவர் எழுதினார். என்னைப் பார்த்துத்தான் தோன்றியது என்று நான் சொல்ல மாட்டேன். "எனக்கு முன்னாலயே தெரியும், எந்த இடத்துல வைக்கன்னுதான் தெரியல" என்று பிற்பாடு சொன்னார். இருக்கட்டும்.

கடிதம் மூன்று தாள். முதல் இரண்டும் இங்கிலீஷ், அவரே எழுதினார். மூன்றாவது முழுக்க எண். எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனதால், "நீ எழுது, உன் எண்தான் தெளிவா இருக்கும்" என்று என்னிடம் நகல் எடுக்கக் கொடுத்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். பம்பாயில் பெரிய படிப்புப் படித்தவர்கள் பார்க்கப்போகிற தாள். கை கழுவி, மணையைப் போட்டு உட்கார்ந்தேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் படி அளந்தால் தலை தட்டுவதில்லை. கோபுரமாக நிற்கவேண்டும், நாலு மணி சரிந்து விழவேண்டும். கைமாற்றுக்கு வந்தவர்களுக்கானாலும் சரி, களத்தில் கூலிக்கு அளந்தாலும் சரி. தலை தட்டி அளக்கிற வீடு என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்காது. அந்தக் குடும்பத்தில் பிறந்து அந்தக் குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் நான்.

தாளைப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் குறை. பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பிறகு வரிசையாக ஒன்பது. அடுத்த வரியில் ஒன்று, பிறகு வரிசையாக ஒன்பது. கடைசியில் முழுசாக ஒன்று நிற்கவேண்டிய இடத்திலும் ஒன்பது ஒன்பதாகவே நின்றது. இவ்வளவு குறையோடு நம் வீட்டிலிருந்து ஒரு கணக்குப் போகலாமா? நிறையவில்லை நிறையவில்லை என்று இவரும் இத்தனை நாள் புலம்பினாரே, நிறைத்தே அனுப்புவோம் என்று தோன்றியது. ஒன்பதாக நின்ற இடத்தையெல்லாம் நிரப்பி, பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்று வரைக்கும் அழகாக எழுதினேன். அவர் அசந்து படுத்திருந்தார். தாளைத் தூக்கிக் காட்டினேன். தூரத்திலிருந்து பார்த்து, "முத்து முத்தா இருக்கு, மடிச்சு உள்ள வை" என்றார். வைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் தென்காசித் தபாலாபீஸில் ரிஜிஸ்தர் பண்ணி, ரசீதை என் முந்தியில் முடிந்துகொண்டேன். அன்றைக்குச் சாயங்கால ரயிலில் போனால்தான் பெரியவர் சொன்ன கெடுவுக்குள் போய்ச் சேரும். அங்கிருந்தே குற்றாலத்துக்குப் பஸ் ஏறினோம். பேரருவியில் நல்ல தண்ணீர். அவர் தலையைக் கொடுத்துவிட்டு வந்து பாறையில் உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது. அத்தை துணி பிழிந்துகொண்டிருந்தாள். நானும் குளித்துவிட்டு ஈரத்தோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இனிமே பயமில்லட்டி," என்று என் காதருகே வந்து சத்தமாகச் சொன்னார். அருவி இரைச்சலில் அப்படித்தான் பேசமுடியும். "அந்த மூணாவது தாள்தான் சாட்சி. மெஷின் என்ன விடை சொல்லும்னு நான் கையால போட்டிருக்கேன். மெஷின் அச்சடிச்ச தாள் பெரியவருகிட்ட இருக்கு. ரெண்டும் கடைசி எண் வரைக்கும் ஒத்துப்போகும். ஒத்துப்போனா தப்பு என் வேலையில இல்ல. அந்தக் குறை இருக்குல்லா, அதுதான் என்னைக் காப்பாத்தப் போகுது."

எனக்கு அருவி இரைச்சல் நின்றுபோன மாதிரி இருந்தது.

என் தாளில் குறையே இல்லை. பெரியவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இவர் கையால் போட்டது முழுசாக ஒன்று, மெஷின் சொன்னது ஒன்பது ஒன்பதாக. அப்படியானால் பிழை இவருடையது என்று இவரே எழுதிக் கொடுத்த மாதிரி. சொல்லலாமா, வேண்டாமா என்று நான் யோசித்த நேரம் ரொம்ப இல்லை. ஒரு ஜடை பின்னுகிற நேரம் இருக்கும். ஆனால் அந்த நேரத்துக்குள் எத்தனை நினைப்பு! சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கடிதம் வரும். இவர் இன்னும் இளைப்பார். அத்தை தினமும் அருவிக்குக் கூட்டி வருவாள். என் எண்ணைப் பார்த்து முத்து முத்தாக இருக்கிறது என்று சொன்ன மனுஷரிடம் எப்படிச் சொல்ல?

"ஏங்க, அந்தத் தாள்ல நான் ஒன்பதை எல்லாம் நிறைச்சிட்டேன்."

"என்ன? கேக்கல!"

"ஒன்பதை எல்லாம் நிறைச்சிட்டேன்! ஒண்ணு ரெண்டுன்னு முழுசா எழுதிட்டேன்!"

"ஏட்டி, சத்தமாச் சொல்லு!"

என் ஆயுசில் நான் செய்த தப்பை அவ்வளவு உரக்கச் சொன்னதில்லை. பாறையில் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை பிழிந்த சேலையைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னலே சொல்லுதா இவ? இவளுக்குமா ஆயிட்டு?"

அவர் மெழுகுத்துணிப் பையை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று பஸ்ஸுக்கு நடந்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பஸ் நின்று நின்று போனது. வழியெல்லாம் மாம்பழக் கூடையும் ஆளுமாக ஏறினார்கள். அவர் கை முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு, நிறுத்தம், இரண்டு, நிறுத்தம்.

தபாலாபீஸில் காலையில் கடிதம் வாங்கின அதே அண்ணாச்சிதான் இருந்தார். ஈரத்தலையோடு மூன்று பேர் வந்து நிற்பதைப் பார்த்து மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணாச்சி, காலையில குடுத்த ரிஜிஸ்தரைத் திருப்பித் தரணும்," என்றேன்.

"தபால்னா என்ன தாயி, ஜவுளிக்கடையில எடுத்த சேலையா? புடிக்கலன்னா மாத்திக் குடுக்கதுக்கு?"

"அனுப்புனவன் எழுதிக் குடுத்தா திருப்பிக் குடுக்கலாம்னு விதி இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர்.

"விதி இருக்கு, நான் இல்லன்னு சொல்லலயே. ரசீது இருக்கா?"

முந்தியை அவிழ்த்தேன். ரசீது கூழாகிப் போயிருந்தது. ஊதா மை பரவி, எழுத்து எது எண் எது என்று தெரியவில்லை. அண்ணாச்சி அதை நுனிவிரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதை வச்சுக்கிட்டு நான் எந்தத் தபாலைத் தேட? நம்பரச் சொல்லுங்க."

"முந்நூத்திப் பதினேழு."

"நிச்சயமாவா?"

"நீங்க எழுதும்போதே பாத்தேன் அண்ணாச்சி. உங்க ஏழு ஒண்ணு மாதிரி இருந்துச்சு. அதனால ரெண்டு தடவை பாத்தேன்."

பக்கத்து மேஜையில் இருந்தவர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார், உள்ளே போனார், கடிதத்தோடு வந்தார். "எழுதிக் குடுத்துட்டு வாங்கிக்கோங்க. பை கட்ட இன்னும் அரை மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள தந்தா இன்னைக்கே போகும். இல்லன்னா திங்கக்கிழமைதான்."

என் வீட்டுக்காரர் மெழுகுத்துணிப் பையிலிருந்து தன் பென்சில் தாளையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்தார். தபாலாபீஸ் பேனாவை எடுத்து எழுதப் பார்த்தார். அவசரத்தில் முதல் பூஜ்யமே கோணிப்போனது. பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நானா?" என்றேன்.

"வேற யாரு? நான் சொல்லச் சொல்ல எழுது. நீயா ஒண்ணும் சேக்காத."

பத்து வரி. அவர் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், ஒன்பது, ஒன்பது, ஒன்பது. நான் எழுதினேன். பேனா முள் பிளந்து கீறியது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டித் தாளில் விழாமல் அத்தை என் பின்னால் நின்று கூந்தலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. ஏதோ முக்கியம் என்று மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு குறையையும் குறையாகவே எழுத எனக்கு வலித்தது, பொய் சொல்லவில்லை. கடைசி வரியில் முழு ஒன்று இல்லாமல் ஒன்பதுகளை வரிசையாக எழுதி முடித்தபோது என் விரல் மரத்துப்போயிருந்தது. அவர் ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துச் சரிபார்த்தார். அரக்கு உருகிக்கொண்டிருக்கும்போதே கடிதம் தபால் பைக்குள் போனது.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அதைப் பற்றிப் பேசினார். "வருத்தப்படாத. நீ செஞ்சதைத்தான் நாங்களும் அங்கன செய்ய நெனச்சோம், வெளியில காட்டும்போது நிறைச்சுக் காட்டுனா போதும்னு. உள்ள குறை அப்படியேதான் கிடக்கும்."

ஆறுதலுக்குச் சொன்னாரோ, நிஜமாகவே அப்படித்தானோ, நான் கேட்கவில்லை.

பதினாறு நாள் பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டால் வாசலில் போய் நிற்பேன். ஏதாவது ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டேனோ என்று பத்து வரியையும் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு லீவு முடிய நாலு நாள் இருந்தது.

பதினேழாம் நாள் வந்தது. நின்றுகொண்டே வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். நான் உரலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒத்துப்போச்சாம்," என்றார். "எண்ணுக்கு எண். எண்ணி நிறுத்துற வழியையே கம்பைலர்ல வைக்கச் சொல்லிட்டாரு. அடுத்த மாசத்துல இருந்து நிரந்தரம்."

"வீடு?"

"போட்டிருக்கு. ரெண்டு ரூம்பு. வரும்போதே உன்னைக் கூட்டிட்டு வரலாம்னு எழுதியிருக்காரு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை அடுக்களையிலிருந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் அவளுக்கும் சொன்னார். "எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லி அவர் கன்னத்தைத் தடவினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ ரெண்டு பேருமாத்தான் போறீகளா?"

அந்த ஒரு மாசமும் வேலை போய்விடுமோ என்றுதான் பயந்தேனே தவிர, கிடைத்துவிட்டால் இவள் தனியே என்ன செய்வாள் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அவர் கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பதில் சொல்லவேண்டியவள் நான்தான் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆமா அத்தை," என்றேன். "ரெண்டு பேருமாத்தான்."